இல்லாத முஸ்லிமும் இருந்த முஸ்லிமும்

பல்லாண்டுகளுக்கு முன், கல்லூரி ஒன்றில் நாம் அரசியல் பாடம் நடத்திவந்த காலத்தில், மாணவர் ஒருவர் எழுந்து நின்றார். "அமெரிக்காவில் ஒரு முஸ்லிம் ஜனாதிபதியாக வர முடியுமா, சார்?" என வினவினார். "சட்டம் தடுக்கவில்லை. பதவிக்கு வருவோரிடம் சமயச் சோதனை கூடாது என்று அந்நாட்டு அரசியல் சட்டத்தின் ஆறாம் பிரிவு கூறுகிறது" என்று விடையளித்தோம். மணி அடித்தது, வகுப்பு கலைந்தது. தேர்வுத் தாளில் எழுதினால் முழு மதிப்பெண் பெறத்தக்க விடைதான் அது.

ஓய்வு பெற்ற பின்னரே அந்த ஆறாம் பிரிவு பிறந்த கதையைப் படிக்க நேர்ந்தது. 1787இல் பிலடெல்பியாவில் கூடியவர்களுள் தென் கரோலினாவைச் சேர்ந்த சார்லஸ் பிங்க்னி இதனை முன்மொழிந்தார். இன்ன மதத்தை நம்புகிறேன் என்று சத்தியம் செய்தால்தான் பதவி என்னும் நிபந்தனையே சமயச் சோதனை. அந்நாளில் பெரும்பாலான மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் அது இருந்தது. வட கரோலினாவின் 1776ஆம் ஆண்டுச் சட்டமோ, புராட்டஸ்டண்டு சமயத்தின் உண்மையை மறுப்பவருக்கு அரசுப் பதவியே இல்லை என்றது. அத்தகைய மாநிலத்தார் புதிய சட்டத்தை ஏற்பதா, விடுவதா என முடிவு செய்ய 1788 ஜூலையில் ஹில்ஸ்பரோ என்னும் ஊரில் கூடினார்கள்.

ஜூலை 30ஆம் நாள் ஹென்றி அப்பட் என்னும் பாதிரியார் எழுந்து, மக்களிடையே உலவும் அச்சத்தை அவையில் வைத்தார். சோதனை இல்லையென்றால் நாளை சிலை வணங்கிகளும் முஸ்லிம்களும் பதவிக்கு வந்துவிடலாமே என்பது அவ்வச்சம். வில்லியம் லங்காஸ்டர் என்பவர் இன்னும் தொலைவாகப் பார்த்தார். நானூறு ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு முஸ்லிம் ஜனாதிபதி நாற்காலியில் அமரக்கூடும் என்பது அவர் கவலை.

இவர்களுக்கு விடை கூறியவர் ஜேம்ஸ் ஐர்டெல். பின்னர் வாஷிங்டனால் உச்சநீதிமன்ற நீதிபதியாக்கப்பட்டவர் இவரே. ஒரு சாராரை விலக்கத் தொடங்கினால் மதக் கொடுமைக்கு அதுவே அடித்தளமாகிவிடும் என்று அவர் வாதிட்டார். இவ்வளவும் படித்தபோது நம் நெஞ்சம் நிறைந்தது. அடுத்த வரியில் அவர் சொன்னது வேறு. தங்கள் மதத்துக்கு முற்றிலும் மாறான மதத்தாரை நம்பி அமெரிக்க மக்கள் ஒருகாலும் உரிமைகளை ஒப்படைக்கப் போவதில்லை. ஆகவே கவலை வேண்டாம் என்றார். கதவைத் திறந்து வைப்போம், வருபவர் எவருமில்லை என்பதுபோல இருந்தது அந்த ஆறுதல். எனினும் அவரை நாம் குறைத்து மதிக்கவில்லை. அந்த அவையில் அதைச் சொல்லவும் துணிவு வேண்டும்.

ஹில்ஸ்பரோவில் சட்டம் ஏற்கப்படவில்லை. மறு ஆண்டு நவம்பரில் பயட்வில் என்னும் ஊரில் மீண்டும் கூடித்தான் ஏற்றார்கள். இவ்வூரின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

ஜெபர்சன் இளமையில், 1765இல், குர்ஆனின் ஆங்கில மொழிபெயர்ப்பை விலை கொடுத்து வாங்கியதையும், 2007இல் கீத் எலிசன் என்னும் முஸ்லிம் உறுப்பினர் அதே பிரதியின்மீது கைவைத்து உறுதிமொழி எடுத்ததையும் நம் மேடைகளில் பெருமையுடன் கூறக் கேட்டிருக்கிறோம். நாமும் கூறியிருக்கிறோம். கைதட்டல் கிடைக்கும் செய்தி அது.

சென்ற ஆண்டு நம் பேத்தி கணினியில் ஒரு பழைய கையெழுத்துப் பிரதியைக் காட்டினாள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் உள்ளது. 1831இல் வட கரோலினாவில் அரபியில் எழுதப்பட்டது. எழுதியவர் உமர் இப்னு சயீத். மேற்கு ஆப்பிரிக்காவின் பூத்தா தோரோவில் பிறந்து, இருபத்தைந்து ஆண்டுகள் மார்க்கக் கல்வி பயின்றவர். படையெடுத்து வந்தோர் அவரைப் பிடித்து விற்றனர். 1807இல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இறக்கப்பட்டார். அடிமைகளை வெளியிலிருந்து கொண்டுவருவதை 1808க்கு முன் காங்கிரஸ் தடுக்கலாகாது என்று அதே அரசியல் சட்டம் கூறியிருந்தது. தடை 1808 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. சில மாதங்களே தவறிவிட்டன.

கொடியவனான எசமானனிடமிருந்து தப்பி ஓடிய உமர், தொழுவதற்காக ஒரு வீட்டினுள் நுழைந்தபோது பிடிபட்டார். பதினாறு நாள் சிறையில் கிடந்தார். சிறைச் சுவரில் கரியால் அரபி எழுதினார் என்பர். அந்தச் சிறை இருந்த ஊர் பயட்வில்!

பின்னர் அவரை வாங்கிய ஜேம்ஸ் ஓவன், 1817 முதல் 1819 வரை அமெரிக்கக் காங்கிரஸில் உறுப்பினராக இருந்தவர். அவருடைய தம்பியோ சகோதரரோ எனப் பிரித்துச் சொல்லத் தேவையில்லை. ஜான் ஓவன் மாநில ஆளுநராகவே இருந்தார். இவர்களைத் தம் எழுத்தில் உமர் நல்லவர்கள் என்றே குறிக்கிறார். அடிமை ஒருவர் வேறு எவ்வாறு எழுத முடியும் என்பது நம் எண்ணம். கிறித்தவ ஆலயத்தில் அவர் சேர்ந்ததாகவும் பதிவு உண்டு. அவர் உள்ளத்தில் இருந்ததை அல்லாஹ்வே அறிவான்.

ஆனால் தம் வரலாற்றை அவர் தொடங்கிய விதம் நம் கண்முன் இருக்கிறது. எழுத்து மேற்கு ஆப்பிரிக்க முறையினது. நம் ஓதற்பள்ளியில் பழகிய எழுத்தன்று. தட்டுத் தடுமாறி முதல் வரியைக் கூட்டிப் படித்தோம். ஸூரத்துல் முல்க்! நம் உம்மா இஷாவுக்குப் பின் அதனை ஓதி முடிக்காமல் ஓர் இரவும் பாயில் தலை சாய்த்ததில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். முப்பது ஆயத்தும் மனனம். முல்க் என்றால் ஆட்சி, உடைமை. பிறர் உடைமையாக எழுதப்பட்ட மனிதர் அந்த அத்தியாயத்தைத் தேர்ந்து முதலில் வைத்திருக்கிறார். பேத்தி ஏதோ கேட்டாள். நமக்கு உடனே குரல் எழவில்லை.

ஐந்து அடிமைகளை மூவராகக் கணக்கிட்டு மாநிலங்களுக்குப் பிரதிநிதிகளை ஒதுக்கியதும் அதே சட்டம்தான். என்றோ வரக்கூடிய முஸ்லிமைக் குறித்து அஞ்சி அவர்கள் வாதிட்ட நாளிலேயே, ஆப்பிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட முஸ்லிம்கள் கரோலினாவின் வயல்களில் உழைத்துக்கொண்டிருந்தனர் என்பது வரலாற்றாசிரியர் முடிவு. அப்பட் பாதிரியார் அவர்களைக் கருதிப் பேசவில்லை, ஐர்டெலும் கருதவில்லை. ஐர்டெலின் வீட்டிலும் அடிமைகள் இருந்தனர். உமரோ உள்நாட்டுப் போர் முடியுமுன்பே, அடிமையாகவே இறந்தார்.

அன்று வினவிய மாணவர் இப்போது பெயர் பெற்ற வழக்குரைஞர். வகுப்பில் நாம் தந்த விடை பாதிதான் என்று சென்ற மாதம் அவருக்குக் கடிதம் எழுதினோம். பிரதியின் முதல் பக்கப் படத்தையும் உடன் வைத்து அனுப்பியிருக்கிறோம்.