மெழுகுவர்த்தியும் துணிப்பூவும்



சென்ற ஆண்டு எங்கள் மத்ரஸாவில் ஒரு மாணவி, தொடர்ந்து மூன்று நாட்கள் மனனப் பாடத்தை ஒப்புவிக்க முடியாமல் தடுமாறினாள். அவளுடைய பையில் கிதாபுடன் சாட்டின் துணிப் பூக்கள் கிடந்தன. “நெருப்போடு விளையாடி நேரத்தை வீணாக்குகிறாயே” என்று எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அவள் பதில் சொல்லவில்லை. மறுநாள் முதல் வகுப்புக்கும் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து அவள் வீட்டுக்குச் சென்றேன். உம்மாவும் மகளும் பாயில் அமர்ந்து, மணப்பெண்ணின் துப்பட்டாவில் தைப்பதற்கான பூக்களைச் செய்துகொண்டிருந்தார்கள். வாப்பா மௌத்தான பிறகு அந்த வீட்டின் வருமானமே அதுதான் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

என்ன பேசுவதென்று தெரியாமல், “நானும் ஒன்று செய்து பார்க்கட்டுமா?” என்றேன். வட்டமாக வெட்டிய துணியைச் சுடரில் காட்டினேன். ஓரம் கறுத்துச் சுருண்டது. உருகிய துளியொன்று விரலில் ஒட்டிச் சுட்டது. அவள் விரைந்து என் கையைக் குழாய் நீரில் பிடித்தாள். “உஸ்தாதா, தீ துணியத் தொடக் கூடாது. கொஞ்சம் தள்ளிக் காட்டினாலே சூடு வேலை செய்யும். ஓரம் வளைஞ்சதும் எடுத்து, ஆறுற வரைக்கும் அசையாமப் பிடிச்சிருக்கணும்.”

பருத்தி நெருப்பில் உருகாது, கருகிச் சாம்பலாகும். பாலியெஸ்டர் அப்படியன்று. ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்கு வெகு முன்பே இளகி வளைந்துகொடுக்கும். அந்நிலையில் பெற்ற வடிவத்தை ஆறிய பின்னும் விடாது. மடிப்பு வைத்த பாலியெஸ்டர் ஹிஜாப் துவைத்தாலும் குலையாதிருப்பது இதனால்தான். ஜப்பானிய வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே, ஆடையை அளவினும் மிகப் பெரிதாக வெட்டித் தைத்து, பிறகு காகிதங்களுக்கிடையே வைத்து வெப்பத்தால் அழுத்தி மடிப்பிட்டார். 1993இல் விற்பனைக்கு வந்த அவருடைய ‘ப்ளீட்ஸ் ப்ளீஸ்’ ஆடைகளும் இந்த மாணவியின் பூக்களும் ஒரே விதியில் பிறந்தவை.

திரும்பும் வழியில், ஆண்டுதோறும் நான் நடத்தும் ஹதீஸ் ஒன்று நினைவுக்கு வந்தது. மென்மை எதில் சேர்ந்தாலும் அதை அழகுபடுத்தும் என்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த பாடம். அழகுபடுத்தும் என்பதற்கு அங்கே வரும் அரபுச் சொல், அலங்காரத்தைக் குறிக்கும் ‘ஸீனத்’ என்ற சொல்லின் வேரிலிருந்தே வந்தது. அந்த இலக்கணத்தைப் பலமுறை விளக்கியிருக்கிறேன்; சுடருக்கும் துணிக்கும் நடுவே விடவேண்டிய இடைவெளியை ஒரு மாணவியிடம்தான் கற்றேன்.

எல்லோர் முன்னிலையிலும் கடிந்ததால், எல்லோர் முன்னிலையிலுமே மன்னிப்புக் கேட்டேன். அல்ஹம்துலில்லாஹ், அவள் திரும்ப வந்தாள். இரவு வேலை இருக்கும் நாட்களில் அவளுடைய பாடத்தைக் குறைத்துக் கொடுக்கிறேன்.

வீட்டில் இந்தக் கைவேலை செய்யும் சகோதரிகளே, துப்பட்டாவின் முனையைச் செருகிக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். சிறு பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். உருகிய துணி தோலில் ஒட்டினால் பிய்க்காதீர்கள். ஓடும் நீரில் 20 நிமிடம் காட்டி, மருத்துவரிடம் செல்லுங்கள்.

பிள்ளைகளைத் திருத்தும்போது நம் நாவுகளுக்கு அல்லாஹ் மென்மையைத் தருவானாக. ஆமீன்.