சத்தம் ஏறுதுங்களா, எறங்குதுங்களா?

செவ்வாய்

ஐப்பசி மழை தோப்பைக் காடாக்கிவிட்டது. தென்னைகளுக்கு நடுவே கோரையும் பார்த்தீனியமும் முழங்கால் உயரம். தேங்காய் விழுந்தால் காலில் இடறினால்தான் உண்டு. புல் வெட்டும் மிஷினை இறக்கினோம். 52 சிசி, டூ ஸ்ட்ரோக். எடுத்த எடுப்பில் ஸ்டார்ட் ஆகிப் பத்து நிமிஷம் போல ஒழுங்காக வெட்டியது. அப்புறம் ஒரு வீறிடல், உடனே அணைந்தது. ஆறவிட்டுக் கயிற்றை இழுத்தால் ஓடுகிறது, மறுபடி அதே வீறிடல்.

வேலைக்கு வரும் தம்பி அதற்குள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். சோக்கைப் பாதி போட்டுக்கொண்டே ஓட்டுவது. "இப்பிடியே ஓட்டுனா மத்தியானத்துக்குள்ள முடிச்சறலாங்ண்ணா" என்றான். வேண்டாம் என்று நிறுத்திவிட்டேன். சோக் போட்டால்தான் ஓடுகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். இந்த எஞ்சினில் ஆயிலுக்குத் தனித் தொட்டி கிடையாது, பெட்ரோலோடு கலந்து போவதுதான் பிஸ்டனுக்கு எண்ணெய். பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும். சோக் அந்தக் குறையைக் கொஞ்ச நேரம் மூடி மறைக்கும், அவ்வளவுதான். ஒரு கட்டத்தில் அதுவும் போதாமல் பிஸ்டன் சிலிண்டரில் உரசிக் கோடு விழுந்தால், செலவு புது மிஷினுக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

சாயங்காலம் மெக்கானிக்குக் காட்டினேன். ஆர்எக்ஸ் 100 காலத்திலிருந்து டூ ஸ்ட்ரோக் பார்ப்பவர். மிஷினைத் தொடவே இல்லை. கேள்விதான்.

"எடுத்த ஒடனே நிக்குதுங்களா, ஓடிட்டு நிக்குதுங்களா?"

"கொஞ்ச நேரம் ஓடிட்டுங்க."

"அணையறதுக்கு முன்னால சத்தம் ஏறுதுங்களா, எறங்குதுங்களா?"

"ஏறுதுங்க."

"அப்ப பெட்ரோல் வரலைங்க. கரண்டு கட்டானா பொட்டுனு நிக்கும், சத்தம் ஏறாது. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி மொதல்ல டேங்க் மூடியப் பாருங்க."

இங்கே பலரும் மிஷின் நின்றதும் பிளக் மாற்றுவார்கள், அப்புறம் காயில் வாங்குவார்கள். நிற்கிற விதத்தைக் கேட்டுக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

புதன்

பிளக்கைக் கழற்றினேன். முனை காப்பிப் பொடி நிறத்தில் இருக்க வேண்டும், வெளிறிக் கிடந்தது. பெட்ரோல் குறைவு என்பதற்கு அது ஒரு சாட்சி. சைலன்சர் வலையில் கொஞ்சம் கரி, தட்டிவிட்டேன். டேங்குக்குள் குழாய் நுனியில் தொங்கும் வடிகட்டியைக் கொக்கிக் கம்பியால் வெளியே இழுத்து வாயால் ஊதிப் பார்த்தேன், காற்று தாராளமாகப் போகிறது. காற்று வடிகட்டி ஸ்பாஞ்சை சோப்புத் தண்ணீரில் அலசிக் காயப்போட்டேன்.

பிறகு மிஷினை ஓடவிட்டு, அது அணைந்த கையோடு டேங்க் மூடியைத் திருகினேன். "புஸ்" என்று காற்று உள்ளே இழுத்துக்கொண்டது.

டேங்கிலிருந்து பெட்ரோல் போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்காகவே மூடிக்குள் ஒரு சின்ன ரப்பர் வால்வு. காற்றை உள்ளே விடும், பெட்ரோலை வெளியே விடாது. அது அடைத்துக்கொண்டால் உள்ளே வெற்றிடம் கூடிக்கொண்டே போய், கார்புரேட்டரால் பெட்ரோலை இழுக்க முடியாமல் போகும். பழைய டிவிஎஸ் 50 ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நடுரோட்டில் நின்றால் மூடியைத் திறந்து மூடிவிட்டு மிதித்தவர்கள்தானே.

வால்வின் உதட்டில் மண்ணும் ஆயிலும் சேர்ந்த பிசுக்கு. பெட்ரோலில் கழுவி, விரலால் நீவிவிட்டேன்.

வெள்ளி

பத்து நிமிஷக் கோளாறு போய்விட்டது. ஆனால் அதற்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருந்தது. ஐடிலிங்கில் சமர்த்தாக நிற்கிறது, ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தினால் திணறி அணைகிறது. பாதி சோக்கில் மட்டும் திணறல் இல்லை. ஆக, இன்னமும் பெட்ரோல் பஞ்சம்தான். இனி கார்புரேட்டரைத் தவிர வேறு இடமில்லை.

பைக் கார்புரேட்டரில் மிதவை உண்டு. இந்த மிஷினையோ சாய்த்து, திருப்பி, வரப்போரம் ஏற்றி இறக்கி வெட்டுகிறோம், மிதவை வேலைக்காகாது. அதனால் இரண்டு பக்கமும் மெல்லிய சவ்வு, அதாவது டயாப்ரம். ஒன்று பம்ப். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது கிராங்க் கேஸில் மாறும் அழுத்தத்திலேயே அது அடித்துக்கொள்கிறது. மற்றது தேவைக்கேற்ப ஊசி வால்வைத் திறந்துவிடுவது. 1891-இல் ஜோசப் டே என்ற ஆங்கிலேயர், கிராங்க் கேஸையே பம்பாக்கிக் கலவையைச் சிலிண்டருக்குத் தள்ளும் எஞ்சினுக்குக் காப்புரிமை கேட்டார். அந்த அழுத்தத்திலேயே கொஞ்சம் கடன் வாங்கி பெட்ரோலையும் இழுத்துக்கொள்கிறார்கள் பின்னால் வந்தவர்கள். கெட்டிக்காரத்தனம்தான், சவ்வு மெதுவாக இருக்கும்வரை.

நாலு திருகைக் கழற்றி ஊசிப் பக்கத்துச் சவ்வை எடுத்தேன். துணிபோல வளைய வேண்டியது, சுட்ட அப்பளமாக விறைத்து, அழுத்தினால் 'கிளிக்' என்றது. இப்படி விறைத்துப்போனால் ஊசி முழுசாகத் திறக்காது. ஐடிலிங்குக்குத் தேவையான சொட்டு மட்டும் வரும்.

வயசும் ஒரு காரணம். எத்தனாலையும் சொல்ல வேண்டும். 2025-இல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. மிஷினோடு வந்த கையேட்டில் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றிருக்கிறது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். போன சீசனில் மிஞ்சிய பெட்ரோலை டேங்கிலேயே விட்டு மூலையில் சாத்தி வைத்தால் சவ்வு எத்தனை மாசம் தாங்கும்? வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓடவிட்டு வைப்பதுதான் முறை.

ஞாயிறு

ரிப்பேர் கிட் வந்தது. பிரிக்கும்போதே போனில் படம் எடுத்து வைத்தது நல்லதாயிற்று. என் கார்புரேட்டரில் ஊசிப் பக்கம் கேஸ்கெட் முதலில், மேலே சவ்வு. பம்ப் பக்கம் அப்படியே தலைகீழ். மாறினால் மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.

பெட்ரோல் புதுசு, லிட்டருக்கு 25 மில்லி டூ-டி ஆயில். தம்பிக்குக் கண்ணளவுதான் கணக்கு. மருந்துக்கடையில் ஊசிக்குழல் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "இதுக்குப் போயி ஊசியாங்ண்ணா" என்று சிரித்துக்கொண்டே அளந்து ஊற்றினான்.

கடைசியாக, கார்புரேட்டரில் முழு வேகத்துக்கான பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் ஹெச் திருகு. நைலான் நரம்பு மாட்டி முழு ஆக்சிலேட்டரில் வைத்து, சத்தம் லேசாகக் கரகரக்கும்வரை அதைத் திறந்தேன். அதிகம் மூடினால் சத்தம் கூர்மையாகிக் காதுக்கு நன்றாகத்தான் இருக்கும், பிஸ்டனுக்கு ஆகாது. புல்லில் இறங்கியதும் அந்தக் கரகரப்பு அடங்கிச் சீராக வேண்டும். அடங்கியது.

வடக்கு வரப்புவரை நிற்காமல் வெட்டியாயிற்று. கிட்டில் மீந்த ஊசி, நெம்பு, ஸ்பிரிங் மூன்றையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். தேவைப்படும் நாளில் அந்த டப்பா கிடைக்காது.