சுங்கமும் சுற்றுவழியும்

வழிக்கும் வரிக்கும் உள்ள உறவு தமிழர்க்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே சுங்கம் கொள்வோர் பண்டப் பொதிகளின்மேல் புலி இலச்சினை பொறித்த செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. சுங்கத்தைக் குறிக்கும் ‘உல்கு’ என்னும் பழஞ்சொல்லைத் திருவள்ளுவரும் ஆண்டிருக்கிறார். முதலாம் குலோத்துங்கனுக்கோ ‘சுங்கந் தவிர்த்த சோழன்’ என்பதே அழியாப் பெயராயிற்று. வரி கொண்ட மன்னர் பலராயினும், ஒரு வரியைக் கொள்ளாது விட்டவனையே மக்கள் நினைவில் வைத்தனர்.

அப்பெயரை நாம் இந்நாளில் எண்ணிப் பார்ப்பதற்குத் தலைநகரைச் சுற்றி எழுந்துள்ள இரு பெருஞ்சாலைகளே காரணம். அவை வேண்டும் என்று நாம் ஏங்கிய கதையை முதலில் கூறுதல் முறை.

அரசு அலுவலில் எழுத்தர்களாகத் தில்லிக்கு வந்து சரோஜினி நகர்க் குடியிருப்புகளில் காலூன்றிய தமிழ்க் குடும்பங்களுக்கு ரிங் ரோட்டின் இரவு நன்கு தெரியும். பகலில் நகருக்குள் நுழையத் தடையுள்ள கனரக லாரிகள், இருட்டிய பின் எல்லைகளிலிருந்து ஒருசேரப் புறப்படும். நள்ளிரவில் சன்னல் கண்ணாடி அதிரும். கார்த்திகை மாதப் பனியோடு டீசல் புகையும் கலந்து, விடியும்போது வாசலில் மஞ்சள் மூட்டமாக நிற்கும். நம் வீட்டு இளைய பெண்ணுக்கு அம்மாதங்களில் மூச்சிரைப்பு வந்துவிடும். மருந்து ஆவி பிடிக்கும் கருவியை அவள் முகத்தருகே பிடித்தபடி கண் விழித்திருந்த இரவுகள் பல. அதே சாலையோரத்தில் எய்ம்ஸ் மருத்துவமனைக்கு வெளியே, நம் ஊர்களிலிருந்து வந்த நோயாளிகளும் அவர்தம் உறவினரும் படுத்திருப்பர். அவர்களுக்குச் சன்னல் கண்ணாடியும் இல்லை.

அந்த லாரிகளில் பலவற்றுக்குத் தில்லியில் யாதொரு வேலையும் இல்லை என்பதே வியப்பு. பஞ்சாபிலிருந்து தென்னாட்டுக்கும், தென்னாட்டிலிருந்து இமாசலத்துக்கும் செல்லும் வண்டிகள் அவை. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தலைநகரின் ஊடே செல்வதால், அவையும் ஊடே சென்றன.

நெரிசலுக்கு ஒதுங்கிச் செல்ல வழி காண்பது தில்லிக்குப் புதிதுமன்று. ரிங் ரோடு வகுக்கப்பட்ட நாளில் அது நகரின் வெளிவிளிம்பாகவே இருந்தது. முன்பு விநய் நகர் என்று வழங்கிய நம் பகுதியும் அன்று ஊர்ப்புறமே. 1975இல் சரக்கு இரயில்கள் நடு நகர நிலையங்களை விலக்கிச் செல்வதற்கென வட்ட இரயில்பாதை அமைந்தது. 1982 ஆசிய விளையாட்டுகளை ஒட்டி அது பயணிகளுக்கென மேம்படுத்தப்பட்டது. சரோஜினி நகர் நிலையம் அப்பாதையில் உள்ளதே. அவ்விரண்டு வளையங்களும் இன்று நகரின் வயிற்றுக்குள் இருக்கின்றன. அவுட்டர் ரிங் ரோட்டுக்கும் அதே கதி நேர்ந்தது. ஊருக்கு வெளியே வளையம் இடுவதும், ஊர் வளர்ந்து அதை விழுங்குவதும் தில்லியின் வழக்கமாகிவிட்டன.

ஆகவே இம்முறை வளையம் மிகத் தொலைவில் இடப்பட்டது. குண்டலியிலிருந்து மானேசர் வழியாகப் பல்வல் வரை மேற்கே ஒன்று. குண்டலியிலிருந்து பாக்பத், காஜியாபாத், கௌதம புத்த நகர் மாவட்டங்கள் வழியாகப் பல்வல் வரை கிழக்கே மற்றொன்று. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 135 கிலோமீட்டர். உச்ச நீதிமன்றம் 2005ஆம் ஆண்டிலேயே இவற்றை அமைக்குமாறு பணித்தது. மேற்கு வழி 2009இல் முடிந்திருக்க வேண்டியது. மானேசர்–பல்வல் பகுதி 2016இலும், எஞ்சிய பகுதி 2018 நவம்பரிலுமே திறக்கப்பட்டன. கிழக்கு வழிக்கு 2015 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2018 மே மாதத்தில் பணி முடிந்தும் திறப்பு விழா தள்ளிப் போனபோது, அம்மாத இறுதிக்குள் திறக்காவிடில் ஜூன் முதல் நாள் அது மக்களுக்குத் திறந்ததாகக் கொள்ளப்படும் என்று உச்ச நீதிமன்றமே கூறிற்று. மே 27 அன்று அது திறக்கப்பட்டது.

இதற்கிடையே, 2015 அக்டோபரில், அந்நீதிமன்றம் மற்றொரு நுட்பமான காரியத்தையும் செய்தது. சுற்றிச் செல்லும் சாலைகளில் கொடுக்க வேண்டிய சுங்கத்தைவிட நகரின் ஊடே செல்வது மலிவாக இருந்தமையால் லாரிகள் தில்லிக்குள் நுழைந்தன. ஆதலின் நுழையும் வண்டிகளுக்குச் சுற்றுச்சூழல் இழப்பீட்டுக் கட்டணம் விதிக்கப்பட்டது. முதலில் சிறிய சரக்கு வண்டிக்கு 700 ரூபாயும் பெரியதற்கு 1,300 ரூபாயுமாக இருந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே இருமடங்காயிற்று. வண்டியோட்டிக்கு அறிவுரை கூறுவதைவிட அவன் கணக்கைத் திருத்துவது பயன் தரும் என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு அது.

கிழக்கு வழியில் ஒருமுறை நாம் சென்றோம். குருட்சேத்திரம் கண்டு மதுராவுக்குச் செல்ல நான்கு குடும்பங்கள் கூடி அமர்த்திய வேன் அது. குண்டலியில் நேரே சென்றால் தில்லி. நாமோ இடப்புறம் திரும்பினோம். யமுனையைக் கடந்து உத்தரப் பிரதேசத்துக் கரும்பு வயல்களையும் செங்கற் சூளைகளையும் பார்த்துக்கொண்டே சென்று, மீண்டும் ஒருமுறை யமுனையைக் கடந்து பல்வல் அடைந்தோம். நாம் வாழும் ஊர் வலப்புறத்தில் எங்கோ ஒரு மங்கலாக மட்டும் தெரிந்தது.

வழியில் தேநீருக்காக நின்ற இடத்தில் நாமக்கல் பதிவெண் கொண்ட லாரி ஒன்று நின்றது. தமிழ் கேட்டதும் ஓட்டுநர் முகம் மலர்ந்து அருகே வந்தார். லூதியானாவிலிருந்து கோவைக்குச் சரக்கு. “இருபது வருசமா இந்தப் பக்கம் ஓட்டறேனுங்க ஐயா. முன்னெல்லாம் இருட்டற வரைக்கும் குண்டலியிலயே நிக்கோணும். விடியறதுக்குள்ள பதர்பூரைத் தாண்டோணும். கண்ணு எரிய எரியத்தான் போவோமுங்க” என்றார்.

“சுங்கம் அதிகமில்லையா தம்பி?” என்று வினவினோம்.

“அது முதலாளி கணக்குங்க. ஆனா நம்ம பேட்டாவும் அந்தக் கணக்குக்குள்ளதானுங்க வருது. சுங்கம் ஏறினா அவரு வேற எங்கயாச்சும் புடிப்பாருங்க” என்று சிரித்தார்.

அச்சிரிப்பில் ஒரு பொருளாதாரப் பாடம் இருந்தது. சென்ற தொலைவுக்கு ஏற்பச் சுங்கம் வாங்கும் முறை நேர்மையானதே. எனினும் அது ஓட்டுநரின் பேட்டாவையும், முடிவில் நம் சந்தையின் காய்கறி விலையையும் தொடுகிறது. ஆறு வழிச் சாலைக்கு வயலைத் தந்த உழவரும் தம் பங்கைச் செலுத்தியவரே. ஆகவே நம் பிள்ளைகள் விடும் மூச்சில் பாதியை அந்த ஓட்டுநர் விலை கொடுத்து வாங்கித் தருகிறார் என்றால் அது மிகையாகாது.

இங்கேதான் குலோத்துங்கன் நினைவுக்கு வருகிறான். சுங்கத்தை அறவே ஒழிக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. சாலை அமைத்த பொருள் மீண்டாக வேண்டும் என்பதை அரசுக் கோப்புகளோடு வாழும் நாம் அறிவோம். ஆனால் எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது என்பதில் அறிவு வேண்டும். ஊரை விலகிச் செல்லும் சரக்கு வண்டிக்குப் புறவழியில் சுங்கம் குறையட்டும். வேலையின்றி ஊருக்குள் நுழையும் வண்டிக்கு வாயிலில் கட்டணம் குறையாதிருக்கட்டும். சுற்றுவது எந்நாளும் ஊடுருவுவதைவிட மலிவாக இருத்தல் வேண்டும். அக்கணக்கு மாறிவிடுமாயின், லாரிகள் நம் சன்னலடிக்கே திரும்பி வரும்.

மற்றொரு அச்சமும் உண்டு. மேற்கு வழியை ஒட்டி ஐந்து புதிய நகரங்கள் அமைக்கும் பஞ்சகிராமத் திட்டத்தை அரியானா அரசு வகுத்தது. வீட்டுமனை விளம்பரப் பலகைகள் வயலோரத்தில் நிற்பதை நாமே கண்டோம். சாலை வந்தால் ஊர் வரும்; ஊர் வந்தால் நெரிசல் வரும். முதல் வளையத்துக்கு நேர்ந்தது நான்காவதற்கும் நேராமலிருக்க, சாலையின் இருமருங்கிலும் வயல் வயலாகவே நிற்பதற்கு இப்போதே வரம்பு கட்டுதல் வேண்டும். 2018இல் சரோஜினி நகர் மரங்களைக் காக்கக் குடியிருப்போர் கூடி நின்றனர். அத்தகைய குரல் அந்த வயல்களுக்காகவும் எழ வேண்டும்.

தில்லியின் புகைக்கு லாரி மட்டுமே காரணமன்று. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பெருகி நிற்கும் நம் கார்களும் அதில் பங்கு கொண்டவை. அவற்றைச் சுற்றி அனுப்ப எந்தப் புறவழியாலும் இயலாது. லாரிக்காரர் தம் பங்குக்கு நகரை விட்டு விலகிச் சென்றுவிட்டார். மெட்ரோ நிலையம் நடை தூரத்தில் இருக்க, அலுவலகத்துக்குத் தனித்தனியே காரில் செல்வதை நாம் எப்போது விடப் போகிறோம் என்பதைச் சங்கத்து அன்பர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.