அப்பீல் என்பது யாசகம் அன்று

சர்க்கார் தாளில் 'தகுதியில்லை' என்ற சொல்லைக் கண்டதும் நம்மவர் பலர் அதைத் தலையெழுத்தென்றே எண்ணிவிடுகிறார்கள். தலையெழுத்துக்கு அப்பீல் இல்லை. சர்க்கார் எழுத்துக்கு உண்டு.

மயிலாப்பூர்ச் சித்திரைக்குளத்தருகே ஒரு தச்சர் இருக்கிறார். அவர் மகன் என் மாணாக்கன். மரச் சிராய் பாய்ந்து அவருக்கு ஒரு கண் அடியோடு போயிற்று. பட்டறை இரைச்சலில் செவியும் மந்தமாயிற்று. மாத உதவித்தொகைக்கு 40 சதவிகிதக் குறைபாடு வேண்டும். சான்றிதழில் 30 என்றே இருந்தது. மனு தள்ளுபடியாயிற்று.

"சர்க்காரே இல்லையென்று சொன்ன பிறகு யாரிடம் போவது, ஸார்?" என்றார்.

"சர்க்காரிடமேதான், ஆசாரியாரே!" என்றேன்.

நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சான்றளிப்பவரின் முடிவில் குறை காண்போர், மாநில சர்க்கார் நியமிக்கும் மேலதிகாரியிடம் அப்பீல் செய்யலாம் என்கிறது, 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59-வது பிரிவு.

30 என்றது தவறன்று. மற்றக் கண் நன்றாயிருந்தால், ஒரு கண் இழந்தவருக்கு விதிப்படி அதுவே அளவு. ஆனால் செவியை யாரும் அளக்கவில்லை! இரு குறைகள் இருந்தால் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வெறும் கூட்டலாக அன்று. 90-இலிருந்து பெரிய எண்ணாகிய 30-ஐக் கழித்தால் 60. செவிப் பரிசோதனையில் கண்ட 20-ஆல் அதைப் பெருக்கி, 90-ஆல் வகுத்தால் 13 சொச்சம். அதை 30-உடன் கூட்டினால் 43 ஆகிறது. ஒரு மனிதரின் மாதாந்தர அரிசியும் மருந்தும் இந்தச் சிறு கணக்கில் அடங்கியிருந்தன.

அப்பீலை ஒரே பக்கத்தில் எழுதினேன். சான்றிதழின் எண், தேதி, அளக்காமல் விட்டது எது, வேண்டுவது என்ன என்பவை மட்டுமே அதில் இருந்தன. செவிப் பரிசோதனைத் தாளின் நகலையும் இணைத்தேன்.

"'கருணை கூர்ந்து' என்று ஒரு வார்த்தை போடுங்கள், ஸார்" என்று கெஞ்சினார் தச்சர். நான் இசையவில்லை. உடற்குறையுற்றோர் பொது உதவி பெறுவதற்கு, தன் சக்திக்கு உட்பட்டு வழிசெய்யும்படி நம் அரசியலமைப்பின் 41-வது ஷரத்தே சர்க்காரைப் பணிக்கிறது. சுதந்திர நாட்டின் பிரஜை தன் கணக்கைச் சரிபார்க்கச் சொல்வதற்குக் கருணை எதற்கு?

நேயர்களே! மறுப்பு வந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்; கெடு கடக்குமுன் அப்பீல் செய்யுங்கள்; ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

தச்சருக்கு மறு பரிசோதனைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். முடிவு எதுவானாலும், இம்முறை செவியையும் அளந்த பிறகே எழுதுவார்கள்.