பள்ளிக்கு ஏன் இரண்டு மெஷின்?



போன ஜும்ஆ முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு நானா கேட்டார்: "என்ன சேர், கார்பெட் கூட்ட ரெண்டு மெஷினா?" நின்ற நிலையில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை. இன்னும் பலருக்கும் இதே கேள்வி இருக்கும் என்பதால் இங்கே எழுதுகிறேன். முதல் மெஷினைத் தெரிவு செய்தவன் நான். பிழையும் என்னுடையதுதான்.

பழைய கார்பெட் மெல்லியது. தும்புத்தடியால் இழுத்தாலே போதும். புதியது அப்படியல்ல, ஸஜ்தாவில் நெற்றி அமிழ்கிறது. தந்தவருக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. ஆனால் பதுளைப் பக்கத்து மழையையும், வுழூ செய்துவிட்டு ஈரக் காலோடு வருகிற நம்மையும் அந்தக் கார்பெட்டுக்குத் தெரியாது. ஈரக் கால் கொண்டு வருகிற தூசு அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது.

"சேர் சயன்ஸ் படிப்பிக்கிறவர், அவரே பார்த்து வாங்கட்டும்" என்றார்கள். கடையில் நான் பார்த்தது ஒன்றே ஒன்று, வாட். 2000 என்று எழுதியிருந்த பெரிய வாளி மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வாட் என்பது மெஷின் தின்னும் கரண்டின் கணக்கு. தூசு எடுக்கிற கணக்கு அல்ல. 2000 வாட் மெஷின் அரை மணித்தியாலம் ஓடினால் ஒரு யுனிட் போகும், அவ்வளவுதான். ஐரோப்பாவில் 2017இல் வீட்டு மெஷின்களை 900 வாட்டுக்குள் மட்டுப்படுத்தினார்கள். அங்கே யாரும் தூசோடு வாழவில்லை.

இரண்டு கிழமை கழித்து ஸுப்ஹுக்குப் பிறகு ஏதோ எடுக்கத் திரும்பிப் போனேன். முஅத்தின் நானா மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு தும்புத்தடியால் கூட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு வீசிங் இருப்பது நமக்கெல்லாம் தெரியும். மெஷின் மூலையில் கிடந்தது. "அது கார்பெட்டைக் கவ்விப் பிடிக்குது சேர். இழுக்க இடுப்பு விட்டுப் போகுது. ஊர்க் காசுல வாங்கினது, எப்படிச் சொல்றதுண்டு இருந்தேன்" என்றார். எனக்கு முகம் வைக்க இடமில்லை.

அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் துரை பங்களாவில் அப்புவாக வேலை செய்கிறவரின் மகன் என்னிடம் படிக்கிறான். பங்களாவில் பழைய தடித்த கார்பெட் உண்டு. அப்புவைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் பிடியில் இருந்த சின்ன மூடியைத் தள்ளித் திறந்தார். தலை உடனே இலேசாக நகர்ந்தது. "காத்து வர்றதுக்கு வழி இல்லாட்டி எப்படிங்க சேர் குப்பை வரும்?"

தரம் 8க்கு வளிமண்டல அமுக்கம் படிப்பிக்கிறவன் நான். ஸ்ட்ரோவின் முனையை விரலால் மூடிவிட்டு உறிஞ்சினால் கன்னம்தான் ஒட்டும், ஜூஸ் வராது. மென்மையான கார்பெட் அந்த விரல் மாதிரி. தலையின் வாயை முழுக்க அடைத்துவிடும். இழுவை கூடக் கூட இன்னும் இறுகும். தூசைத் தூக்கிக்கொண்டு போவது ஓடுகிற காற்று. ஓட்டம் நின்றால் வேலையும் நின்றுவிடும்.

மூடியைத் திறந்தால் தள்ளலாம், ஆனால் அடியில் உள்ள தூசு வராது. அதற்கு மயிரை விலக்கித் தட்டிக் கொடுக்கிற சுழலும் தூரிகை வேண்டும். அந்தத் தூரிகையை 1907இல் கரண்டில் ஓடும் மெஷினோடு சேர்த்தவரும் ஒரு துப்புரவுத் தொழிலாளிதான்: அமெரிக்காவின் ஒஹாயோவில் கடையொன்றில் கார்பெட் கூட்டிய ஜேம்ஸ் ஸ்பாங்லர். அவருக்கும் ஆஸ்துமா. விசிறி மோட்டார், தும்புத்தடிப் பிடி, தலையணை உறை இவற்றை வைத்தே செய்தார். அவரிடமிருந்து உரிமையை வாங்கிய தோல் வியாபாரியின் பெயர்தான் ஹூவர்.

இரண்டாவது மெஷின் 700 வாட்தான். தூரிகைக்குத் தனி மோட்டார், உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம், புதையாத பெரிய சக்கரம், தலையின் முன்னால் காற்று நுழைய வெட்டு, தூசு வெளியே பறக்காத பை. இந்த முறை பணம் கொடுக்கும் முன் முஅத்தின் நானாவையே தள்ளிப் பார்க்கச் சொன்னேன். என் பிழைக்கு ஜமாஅத்தின் காசு போகக்கூடாது என்பதால் செலவு என்னுடையது. முதல் மெஷினின் ரசீது பள்ளிக் காரியாலயத்தில் இருக்கிறது. அந்த மெஷின் இப்போது படிக்கட்டுக்கும் வுழூ செய்யும் இடத்துக்கும்.

பாவிப்பவர்கள் கவனிக்க: தூரிகையை ஆக உயரத்தில் வைத்துத் தொடங்குங்கள். மயிரின் நுனி அசையும் வரை மட்டும் இறக்குங்கள். மோட்டார் முனகினால் இறக்கியது கூடிவிட்டது. மெதுவாகப் பின்னால் இழுங்கள், தூசு அப்போதுதான் வரும். பை பாதி நிறைந்ததும் மாற்றுங்கள். முதல் நாள் ஒரு ஸப்பிலேயே மாவு மாதிரி சாம்பல் தூசு கைப்பிடிக் கணக்கில் வந்தது. (அதில் கொஞ்சம் புதுக் கார்பெட் உதிர்க்கிற பஞ்சும் உண்டு, பயப்படாதீர்கள்.)

வீசிங்கைக் கிளப்புகிற தூசு உண்ணியை எந்த மெஷினாலும் முழுதாக எடுக்க முடியாது. அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்திலேயே வாழும். காய்ந்தால் சாகும். அப்பு சொன்னதும் அதுதான்: கவிழ்த்துப் போட்டு வெயில் காட்டி, முதுகில் தட்டி, பிறகுதான் மெஷின்.

கச்சான் காற்று ஓய்ந்து மழை பிடிக்க முன் இதை முடிக்க வேண்டும். வரும் ஞாயிறு காலை 8 மணிக்கு ஆறு சுருளையும் வெளியே எடுக்கிறோம், சுருளுக்கு நாலு பேர் தேவை. தரம் 10 பிள்ளைகள் தாங்களே தூக்குவதாகச் சொல்கிறார்கள். ஈரம் குடித்த கார்பெட்டின் பாரம் அவர்களுக்கு இன்னும் தெரியாது.