மாணவனின் உத்தியோகம்

என்னிடம் தமிழ் பயின்ற மாணவனொருவன் பெரியதொரு நிதிக் கம்பனியின் கிளிநொச்சிக் கிளையிலே கடன் உத்தியோகத்தராகப் பணிபுரிகின்றான். அண்மையில் என்னைக் காண வந்திருந்தான். உத்தியோகம் பிடித்திருக்கின்றதா என வினவினேன்.

பிடித்தவற்றை ஆர்வத்தோடு சொன்னான்: நாள் தவறாத சம்பளம், மோட்டார் சைக்கிள், கம்பனி குறைந்த வட்டிக்குத் தந்த கடனில் எழும்பிய கல்வீடு. தகரக் கொட்டிலிலே காலங்கழித்த தாய்க்கு அவ்வீடு சிறிய பேறன்று. அதை நான் ஏளனஞ் செய்யமாட்டேன்.

பிறகு குரல் தாழ்ந்தது.

“வசூல் நாள்தான் சேர் பிடிக்கேல்லை. ஒருத்தி கட்டாட்டி, குழுவிலை உள்ள மற்றப் பெண்டுகள் சேர்ந்து கட்டவேணும். கட்டும்வரை நான் முற்றத்தை விட்டு எழும்பக் கூடாது.”

வறட்சி பாதித்த மாவட்டங்களிலே பெண்கள் பெற்று நிலுவையிற் கிடந்த, ஓரிலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கம் அறிவித்தது. அப்பெண்களின் துயர் அவ்வளவு பகிரங்கமாகியிருந்தது. அவர்களுடைய முற்றங்களில் அமர்ந்திருந்த இளைஞரைப் பற்றி அன்று நான் சிந்தித்தவனல்லன்.

“போன மாதம் இருந்த முற்றம், வகுப்பிலை எனக்குப் பக்கத்திலை இருந்தவன்ரை வீடு. அவன்ரை அம்மா தேத்தண்ணி தந்தவ, சேர்.”

வேலையை விட்டுவிடலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். வீட்டுக் கடன் தீர இன்னும் 14 வருடங்கள் இருக்கின்றன என்றான்.