பி.பி.ஏ.ல என்னதான் சொல்லித் தர்றாங்க?

செமஸ்டர் பரீட்சை முடிஞ்சு வீட்டுல வெட்டியா இருக்கேன். அதான் ரொம்ப நாளா மனசுல கெடந்த ஒரு விஷயத்த எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

"தம்பி என்ன படிக்கிறீங்க?"

"பி.பி.ஏ. அங்கிள்."

"பி.இ.யா? எந்த பிராஞ்ச்?"

"இல்ல அங்கிள்... பி... பி... ஏ."

"ஓ....."

அந்த "ஓ"வுக்கு அப்புறம் ஒரு மௌனம் வரும் பாருங்க, அதுல ஒரு டீயே குடிச்சு முடிச்சிடலாம். நெய்வேலிக்காரங்கள குத்தம் சொல்ல முடியாது. ஊரே சுரங்கத்தையும் அனல்மின் நிலையத்தையும் சுத்தி இருக்கு. ஐ.டி.ஐ. முடிச்சா அப்ரண்டிஸ், டிப்ளமோ முடிச்சா ஒரு வழி, பி.இ. முடிச்சா கேட் பரீட்சைன்னு எல்லாத்துக்கும் ரூட்டு தெரியும். பி.பி.ஏ.வுக்கு எந்த கேட்டு வழியா உள்ள போறதுன்னு அவங்களுக்கும் தெரியல, சத்தியமா முதல் வருஷம் எனக்கும் தெரியல :)

எங்க அப்பாவும் ஒருநாள் கேட்டாரு. மந்தாரக்குப்பத்துல டீக்கடை வெச்சிருக்காரு. "அதுல என்னப்பா சொல்லித் தர்றாங்க?" கிண்டல் இல்ல, நெஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டாரு. நான் "மேனேஜ்மெண்ட்டுப்பா"ன்னு சொல்லிட்டு நழுவிட்டேன். ஆனா அந்தக் கேள்வி என்ன விடல.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதல் செமஸ்டர்ல மேலாண்மைத் தத்துவங்கள்னு ஒரு பேப்பர். ஹென்றி ஃபயோல், 14 கோட்பாடுகள். நாங்க எல்லாம் அத வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் பண்ணி எழுதித்தான் பாஸ் பண்ணோம். அப்புறம்தான் ஒருநாள் லைப்ரரியில அவரப் பத்திப் படிச்சேன். மனுஷன் யாருன்னு நெனைக்கிறீங்க? நிலக்கரிச் சுரங்க இன்ஜினியர்! பிரான்ஸ்ல ஒரு சுரங்கக் கம்பெனியில 1860ல சின்ன வயசுல வேலைக்குச் சேர்ந்து, 1888ல அது திவாலாகுற நெலமையில இருந்தப்ப தலைமைப் பொறுப்புக்கு வந்து, தூக்கி நிறுத்தினவரு. அந்த அனுபவத்தத்தான் 1916ல எழுதினாரு. ஒரு ஆளுக்கு ஒரே அதிகாரிதான் உத்தரவு போடணும், வேலைக்கு ஏத்த நியாயமான கூலி இருக்கணும்... இதெல்லாம் ஷிப்ட் சங்கு கேட்டு வளர்ந்த நமக்குப் புதுசா என்ன? நம்ம ஊரு மாதிரி ஒரு ஊருல இருந்து வந்த பாடத்த நாம ஏதோ அமெரிக்காக்காரன் சமாச்சாரம்னு படிச்சிட்டு இருந்திருக்கோம்.

உற்பத்தி மேலாண்மையில ஒரு ஆலைய எங்க அமைக்கிறதுன்னு ஒரு பாடம். ஆல்ஃப்ரட் வெபர்ங்கிற ஜெர்மன்காரர் 1909ல சொன்னது. பக்குவப்படுத்தும்போது எடை கொறையுற மூலப்பொருளா இருந்தா ஆலைய அது கெடைக்கிற எடத்துலயே வைக்கணும். இல்லன்னா வீணாப் போறதுக்கும் சேர்த்து லாரி வாடகை குடுக்கணும். எங்க சார் கரும்பு, சர்க்கரை ஆலைன்னு உதாரணம் சொன்னாரு. எனக்கு ஜன்னலுக்கு வெளிய பார்க்கத் தோணிச்சு. பழுப்பு நிலக்கரியில கிட்டத்தட்ட பாதி எடை தண்ணிதான். அத ரயில்ல ஏத்தி வேற ஊருக்கு அனுப்பினா பாதிக்குப் பாதி தண்ணிக்கு டிக்கெட் எடுத்த மாதிரி. அதனாலதான் சுரங்கத்துப் பக்கத்துலயே 1962ல சோவியத் உதவியோட முதல் அனல்மின் நிலையம் வந்துச்சு. அது 2020ல ஓய்வு பெற்றுடுச்சு. ஆனா கரிய வெளியூருக்கு அனுப்புறதுக்குப் பதிலா கரண்ட்ட அனுப்புறதுங்கிற அந்தக் கணக்கு மட்டும் இன்னும் மாறல.

நிதி மேலாண்மையில பங்குன்னா என்னன்னு நடத்தினப்ப 2013 ஞாபகம் வந்துச்சு. நான் அப்ப சின்னப் பையன். ஊரெல்லாம் கொடி, கோஷம், வேலைநிறுத்தம்னு மட்டும் ஞாபகம் இருக்கு. எதுக்குன்னு காலேஜ் வந்துதான் புரிஞ்சுது. பங்குச் சந்தையில இருக்கற அரசு நிறுவனத்துல கொறஞ்சது 10 சதவீதம் பொதுமக்கள் கையில இருக்கணும்னு அப்ப செபியோட விதி இருந்துச்சு. என்.எல்.சி.யில மத்திய அரசு கையில மட்டும் 93.56 சதவீதம் இருந்துச்சு. அப்ப 3.56 விக்கணும். தனியாருக்கு விக்கக் கூடாதுன்னு தொழிலாளர்கள் நின்னாங்க. கடைசியில தமிழக அரசோட அஞ்சு நிறுவனங்கள் அந்தப் பங்க வாங்கிக்கிச்சு. விதியும் நிறைவேறிச்சு, போராட்டமும் முடிஞ்சுது. 3.56ங்கிற ஒரு சின்ன நம்பருக்குப் பின்னாடி ஒரு ஊரே நிக்கும்னு எந்த ஃபார்முலாவுலயும் இல்லீங்க.

இப்ப நம்ம கடை.

நாலாவது செமஸ்டர் காஸ்ட் அக்கவுண்டிங்ல சமநிலைப் புள்ளி நடத்தினாங்க. அதாவது லாபமும் இல்லாம நஷ்டமும் இல்லாம இருக்க எத்தன விக்கணும்ங்கிற கணக்கு. அந்த நேரத்துல அப்பா பக்கத்துக் கடையையும் வாடகைக்கு எடுத்து, கடன் வாங்கிப் பெருசு பண்ணலாம்னு இருந்தாரு. அட்வான்ஸ் குடுக்கப் போறாருன்னு அம்மா சொன்னாங்க. நான் நோட்டும் பேனாவுமா உக்காந்தேன்.

ஒரு டீ 12 ரூபா. பால், தூள், சர்க்கரை, கேஸ் போக 5 ரூபா நிக்கும். வாடகை 6,000, கூட வேலை செய்யற அண்ணனுக்கு 10,000, கரண்ட் இத்யாதி 2,000. மாசம் 18,000. அத அஞ்சால வகுத்தா 3,600 டீ, நாளைக்கு 120. நாங்க விக்கிறது 240. (வடைக் கணக்கு தனி, அது எண்ணெய்க்கும் பருப்புக்குமே சரியாப் போயிடும்.) சூப்பர், மாசம் 18,000 லாபம்னு எனக்கு ஒரே பெருமை.

அப்பதான் வாய்ப்புச் செலவுன்னு படிச்சது உறைச்சுது. காலையில 4 மணிக்குக் கடை தெறந்து ராத்திரி 9 மணி வரைக்கும் நிக்கிற ரெண்டு பேருக்கு அந்தக் கணக்குல சம்பளமே இல்ல. ஆளுக்கு ஒரே ஒரு ஷிப்டுக்கு, அந்த அண்ணனுக்குக் குடுக்கிற அதே 10,000 போட்டுப் பார்த்தேன். மொத்தச் செலவு 38,000. அதுக்கு நாளைக்கு 253 டீ விக்கணும். விக்கிறது 240. பதிமூணு டீ கொறையுது. இத்தன வருஷமா பதிமூணு டீ கொறையுது.

ராத்திரி கடை கட்டினதும் அப்பாகிட்ட காட்டினேன். நோட்ட வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாரு. திட்டுவாருன்னு நெனச்சேன். "பக்கத்துக் கடைய எடுத்தா?"ன்னு மட்டும் கேட்டாரு. வாடகை 6,000, இன்னொரு ஆள் 10,000, கடன் தவணை 4,000. மாசம் 20,000, அப்ப நாளைக்கு இன்னும் 133 டீ விக்கணும்னேன். அவரு தெருவ ஒருதரம் பார்த்துட்டு, "இந்த முக்குல அவ்ளோ பேரு கெடையாதுப்பா"ன்னாரு. மறுநாள் அட்வான்ஸ் குடுக்கல.

அதுக்கப்புறம் எனக்கு ரொம்ப ஏறிடுச்சு. கடன் நோட்டத் தூக்கி, ஆறு மாசத்துக்கு மேல நிக்கிறதெல்லாம் வாராக்கடன், இனிமே கடனே கெடையாதுன்னு லெக்சர் குடுத்தேன். அப்பா ஒவ்வொரு பேரா விரல் வெச்சு சொன்னாரு: "இவருக்கு ஏழாந்தேதி சம்பளம். இவருக்குப் பதினஞ்சு. இவரு பொண்ணு கல்யாணத்துல மாட்டிக்கிட்டாரு, தீபாவளிக்குத் தருவாரு. இவங்களுக்கெல்லாம் இல்லன்னு சொன்னா உன் 240 எங்கடா இருக்கும்?" புத்தகத்துல கடன் கொள்கைன்னு அஞ்சு பக்கம் இருக்கு. அப்பா அத ஒரே பக்கத்துல வெச்சிருக்காரு. நான் சேர்த்ததெல்லாம் ஒவ்வொரு பேருக்கு எதிர தேதி மட்டும்தான். தீபாவளிக்கு அவரு நெஜமாவே முக்கால்வாசி குடுத்துட்டாரு, அது வேற விஷயம்!

ஆக, பி.பி.ஏ.ல என்ன சொல்லித் தர்றாங்க? ஏற்கெனவே நடந்துக்கிட்டு இருக்கறதுக்குப் பேரு வெக்கச் சொல்லித் தர்றாங்க. பேரு வெச்சாதான் சிலது கண்ணுக்கே தெரியுது. அம்மாவோட உழைப்பு எனக்கு இருபது வருஷமா தெரியல, ஒரு பேப்பர் படிச்சப்புறம்தான் தெரிஞ்சுது. அது படிப்போட பெருமையா, இல்ல என்னோட வெக்கமான்னு நீங்களே சொல்லுங்க.

இப்ப மாசக் கடைசியில கடைக் கணக்கு நான்தான் எழுதறேன். கடைசி வரி எப்பவும் ஒண்ணுதான்: "அப்பா சம்பளம் 10,000, அம்மா சம்பளம் 10,000 - தர வேண்டியது." அம்மா அதப் பார்த்துட்டு, "யாருடா தர வேண்டியது?"ன்னு சிரிச்சாங்க. நான் பதில் சொல்லல.

பி.கு.: அடுத்த தடவை யாராவது அங்கிள் "ஓ..."ன்னு இழுத்தா கடைக்கு அனுப்பி வைங்க. டீ நம்ம கணக்கு. அப்படியாவது அந்தப் பதிமூணுல ஒண்ணு கொறையட்டும் :)